மணி அடித்தால் வரும் தட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய றகரம், எங்கே சின்ன ரகரம் என்று இன்றும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இதைத் தட்டெழுதுகிறவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

வீடு வீடாகப் போய் மனிதர்களைக் கேட்டு எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முன்னால் நின்று என்னைப் பேசச் சொன்னார்கள். இருபது பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். முழங்கால் வலியால் இந்த வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. எழுத ஏழு மாதமும் தேவைப்பட்டது.

அட்டையை எப்படி நிரப்புவது, எப்படிக் கட்டுவது என்பதை அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு பிழையைப் பற்றி. அதைச் சரிசெய்யப் போய்ச் செய்த இன்னொரு காரியத்தைப் பற்றியும்.

1957இல் மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திர நாளுக்கு, சில மாதங்களுக்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து ஒரு விரிவுரையாளர் மலாக்காவுக்கு வந்தார். சீனப் பெண்மணி. மனத்தைப் பற்றிய படிப்புப் படித்தவர். டீச்சரை மலாயில் அழைப்பதுபோல் அவரைச் சிக்கு என்று அழைத்தோம். என்னிடம் மலாயில்தான் பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்போது நான் சலவைக் கடை ஒன்றில் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தேன். காஜா பேராங்கில் எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். சைக்கிள் இருந்தது. தமிழும் மலாயும் பேசுவேன், எழுதவும் வரும். அதிகம் பேசமாட்டேன். இதையெல்லாம் பார்த்துத்தான் சிக்கு என்னை வேலைக்கு எடுத்தார். கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாதாரண மனிதர்கள் சாதாரண நாளில் என்ன செய்கிறார்கள், அதைச் செய்யும்போதே மனம் எப்படி இருக்கிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து இந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், மற்றவர்கள் காதுக்கு எது நன்றாக இருக்குமோ அதைத்தான் சொல்வார்கள் என்பார். அடுப்படியில் நிற்கும்போதே கேட்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வீட்டுக்கு ஓர் ஆள். சில வீடுகள் கம்போங் செட்டிக்குள். அங்கே இருப்பவர்கள் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பேசுவது மலாய். மற்றவை அதை ஒட்டிய பலகை வீடுகள். அவை எங்களைப் போன்ற தமிழர்களுடையவை.

காலையில் சிக்கு ஒரு பிஸ்கட் டின்னைக் குலுக்கிச் சீட்டு எடுப்பார். ஒரு சீட்டில் வீட்டு எண், இன்னொன்றில் நேரம். பத்து மணி பத்து நிமிடம் என்று வந்தால் நான் அந்த வீட்டு வாசலில் அந்த நிமிடத்தில் நிற்க வேண்டும். நான் வருவது அவர்களுக்குத் தெரியக் கூடாது. இப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாருடன் இருந்தீர்கள், மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். பிறகு அட்டையில் வரைந்திருக்கும் ஐந்து முகங்களைக் காட்டுவேன். முதல் முகம் அழும், ஐந்தாவது சிரிக்கும். தங்கள் முகம் எது என்று விரலால் தொடுவார்கள். அவ்வளவுதான். எழுதியதை யாரிடமும் சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. எதையும் கொடுக்கவும் கூடாது.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவேன். "நல்லா இருக்கேன்" என்பார்கள். நல்லா இருக்கேன் என்று சொன்ன வாயோடு அழும் முகத்தைத் தொட யாருக்கும் விரல் போகாது. சிக்கு அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். நலம் விசாரிக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது சிக்கு கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

பகலில் அந்தச் சந்துகளில் ஆண்கள் குறைவு. பெண்கள் வீட்டுக்குள் எப்படியும் இருப்பார்கள். குளித்துவிட்டு வருவார்கள், கைலியை மார்போடு கட்டிக்கொண்டு துணி துவைப்பார்கள், புழுக்கத்தில் தரையில் படுத்திருப்பார்கள். அறிவிக்காமல் போய் நிற்பது எனக்கு முறையாகப் படவில்லை. அதனால் சந்து முனையிலேயே சைக்கிள் மணியை மூன்று முறை அடிப்பேன். பிறகு இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவேன். அவர்கள் துணியைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் போதும். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவன் செய்ய வேண்டியது என்று நானே செய்தேன். சிக்குவிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறேன் என்று யாராவது சொல்வார்களா? அதைப் போலத்தான் இதையும் நினைத்திருந்தேன்.

சந்து முனை வீட்டில் மாக் மீனாச்சி என்ற செட்டி அம்மாள் இருந்தார். ஏழாம் எண் வீடு. அவர்தான் எனக்கு மணிக்காரர் என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் சந்து முழுவதும் அப்படித்தான் அழைத்தது.

எட்டாம் எண் வீட்டில் நான் கேட்க வேண்டிய ஆள் பாக்கியம். வீட்டு மருமகள். பத்தொன்பது வயது இருக்கும். வயிற்றில் ஐந்து மாதம். புருஷன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. வீட்டில் மாமனார், மாமியார், இவள். மாமனார் விடியுமுன் தெருக் கூட்டும் வேலைக்குப் போய்ப் பத்து மணிக்குள் வந்துவிடுவார். அதன் பிறகு நாள் முழுவதும் முன்வாசல் நாற்காலியில் இருப்பார். மாமியாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உருவம். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

மூன்று வாரம் முடிந்ததும் சிக்கு அட்டைகளை வீடு வாரியாக மேசையில் பரப்பினார். எட்டாம் வீட்டு அட்டைகளை இரண்டு முறை எண்ணினார்.

"இந்தப் பெண் வீட்டில் என்ன வேலை செய்கிறாள்?"

"எல்லா வேலையும் செய்வாள் சிக்கு. மருமகள் அல்லவா."

"பதினொரு அட்டை இருக்கிறது. ஒன்றில் துணி மடிக்கிறாள். இன்னொன்றில் தூங்குகிறாள். மிச்சம் ஒன்பதிலும் சாப்பிடுகிறாள்."

"பிள்ளைத்தாய்ச்சி. அடிக்கடி பசிக்கும்."

"பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சோறு. மூன்றே முக்காலுக்குச் சோறு. முகம் ஒவ்வொரு தடவையும் ஐந்து." அவர் என்னைப் பார்த்தார். "தூங்கினாள் என்றும் துணி மடித்தாள் என்றும் எழுதிய இரண்டு நாளும் நீ எப்படிப் போனாய்?"

யோசித்தேன். ஒரு நாள் டயர் பஞ்சராகி நடந்து போயிருந்தேன். இன்னொரு நாள் நல்ல மழை. சைக்கிளை மாக் மீனாச்சி வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அதைச் சொன்னேன். மற்ற நாட்களில் எப்படி என்று கேட்டார். மணியைப் பற்றிச் சொன்னேன்.

சிக்கு பேனாவை மூடிவைத்தார். திட்டவில்லை. பன்னிரண்டு வீட்டு அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே 'மணி' என்று எழுதினார்.

"மூன்று வாரமாக உன் மணியைத்தான் அளந்திருக்கிறோம்," என்றார். "நாளையிலிருந்து மறுபடியும் ஆரம்பிப்போம். சைக்கிள் வேண்டாம். வாசலுக்கு வந்தபின் ஒரு முறை இருமு. அது போதும்."

மறுநாளிலிருந்து நடந்தே போனேன். சந்து வேறாக இருந்தது. நான் பார்க்காததையெல்லாம் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். மனிதர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக்கொண்டு, ஈயை விரட்டிக்கொண்டு. அட்டைகளில் நடு முகம் நிறைய வந்தது.

மாக் மீனாச்சி என்னைப் பார்த்ததும், "லோசெங் சுடா மாத்தி கா, அண்ணே?" என்று கேட்டார். மணி செத்துவிட்டதா என்று கேலி. "உன் மணியைக் கேட்டுத்தான் நான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பேன். இப்போது சோறு தீய்ந்து போகிறது," என்றார் மலாயில்.

எட்டாம் வீட்டில் அன்று சீட்டு பதினொன்றே காலுக்கு. மாமனார் நாற்காலியில் கண் மூடியிருந்தார். இருமினேன். பாக்கியம் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நிறுத்தினாள். முறத்தின் ஓரத்திலிருந்த பச்சரிசியைக் கையால் மூடினாள்.

"என்ன செஞ்சுகிட்டு இருந்தே, தங்கச்சி?"

"சும்மா இருந்தேன்."

"மனசுல என்ன நினைப்பு?"

"ஒண்ணுமில்ல." அரிசி மேலிருந்து கையை எடுக்காமலே, "சைக்கிள் பழுதாண்ணே?" என்றாள்.

"இல்லம்மா. நடந்து வந்தேன்."

"நாளைக்கும் நடந்துதானா?"

ஆமாம் என்றேன். இரண்டாவது முகத்தைத் தொட்டாள்.

அதன் பிறகு அந்த வாரம் மூன்று முறை போனேன். எந்த அட்டையிலும் அவள் சாப்பிடவில்லை. நான்காவது முறை மாமியார் குழாயடிக்குப் போயிருந்தார், மாமனார் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாக்கியம் பின்கட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அந்த மணிய அடிக்கலாம்லா. அடிச்சா என்ன?"

"அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"மணி கேட்டா மாமாவே சொல்லுவாரு. எழுதறவன் வர்றான், பிள்ளைத்தாச்சியப் பட்டினி போட்டிருக்கோம்னு எழுதிடுவான், ஒரு தட்டு வைன்னு. அத்தை வெப்பாங்க. நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிச்சிடுவேன். இப்ப மணி இல்ல. அவங்க ரெண்டு பேரும் சாப்பிட்டு மிச்சம் இருக்கறதுதான் எனக்கு. சில நாளு இருக்கும், சில நாளு இருக்காது."

"அரிசி இல்லையா?"

"அரிசி இருக்கு. டின்னுக்குப் பூட்டு இருக்கு."

அது எனக்குப் புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர்கள் பலர் அரிசி டின்னைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தும் அந்தச் சாவி இறங்கவில்லை. இந்த வீட்டில் சாவி மாமனார் இடுப்பில். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. காலையில் பால் டின்னால் அளந்து போடுவார். ஆண் முதலில், பிறகு மாமியார், மிச்சம் மருமகளுக்கு. பல வீடுகளில் அன்று அதுதான் வழக்கம். அளவு மட்டும் ஐந்து மாத வயிற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். மணி அடித்தால் அட்டை பொய்யாகும். அடிக்காவிட்டால் அட்டை உண்மையாகும், ஆனால் அவளுக்குத் தட்டு இல்லை. வெளியே சொல்லலாமா என்றால், எழுதியதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்த வீட்டிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாக் மீனாச்சியிடம் சொன்னால் அரை நாளில் சந்து முழுவதும் தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள்? நானே ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தால், அன்னிய ஆண் மருமகளுக்குச் சோறு கொடுத்தான் என்று ஆகும். அது பட்டினியைவிட மோசமாக முடியக்கூடும்.

அடுத்த சீட்டு வியாழக்கிழமை, பன்னிரண்டே முக்கால். அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சந்து முனையில் காலை ஊன்றி நின்றேன். கட்டை விரல் மணி மேல் இருந்தது. தைரியசாலி அல்ல நான். வேலை போய்விடுமே என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு மூன்று முறை அடித்தேன்.

உள்ளே போனபோது பாக்கியம் சுவரோரம் உட்கார்ந்து வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எழுதிக்குங்க, தம்பி," என்றார். எழுதினேன். சாப்பிடுகிறாள். மாமியாருடன். முகம் ஐந்து. வெளியே வந்தபின் அட்டையின் அடியில் 'மணி அடித்தேன்' என்று இன்னொரு வரி சேர்த்தேன்.

மாலையில் சிக்கு அந்த வரியை வாசித்தார். விளக்கம் கேட்டார். அந்த வீட்டில் எழுதியதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை.

"இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாமே?" என்றார்.

"எழுதாவிட்டால் நீங்கள் நம்பியிருப்பீர்கள், சிக்கு."

அவர் எட்டாம் வீட்டின் எண்ணைப் பட்டியலில் குறுக்காக அடித்தார். பிஸ்கட் டின்னிலிருந்து அந்த எண் சீட்டுகளையெல்லாம் பொறுக்கி வெளியே எடுத்தார்.

"இந்த வீடு இனி என் ஆராய்ச்சியில் இல்லை. ஆராய்ச்சிக்குள் இருக்கும் வீட்டில் நீ மணி அடித்தால் உன்னை அனுப்பிவிடுவேன். ஆராய்ச்சிக்கு வெளியே இருக்கும் வீட்டில் நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன்."

நான் போகும்போது அலமாரியிலிருந்து ஒரு கட்டு அட்டை எடுத்துக் கொடுத்தார். அச்சுக்குப் போகாத வெற்று அட்டைகள். கோடும் இல்லை, முகங்களும் இல்லை. அளவு மட்டும் அதே அளவு. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் இரண்டு முறை, என் மற்ற வேலை முடிந்தபின், எட்டாம் வீட்டுக்குப் போனேன். மணி அடிப்பேன், மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவேன், கேள்விகளைக் கேட்பேன், எழுதுவேன். மாமனாருக்கு எழுத்துத் தெரியாது. அட்டையும் பென்சிலும் போதும். பாக்கியம் முகத்தைத் தொட வரும்போது வெற்று அட்டையைக் கண்டு முதல் நாள் தயங்கினாள். அப்புறம் அட்டையின் வலது ஓரத்தைத் தொட்டாள். ஐந்தாவது முகம் இருக்க வேண்டிய இடம். அதன் பிறகு தினமும் அங்கேயே தொட்டாள்.

இதைச் செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. அட்டையைக் காட்டி ஒரு மனிதரை ஏமாற்றினேன். இந்த வேலையில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மெர்டேக்காவுக்கு இரண்டு வாரம் முன்பு ஆராய்ச்சி முடிந்தது. சிக்கு அட்டைப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போனார். நான் அப்போதைக்குச் சலவைக் கடைக்குத் திரும்பினேன். சந்தெல்லாம் கொடி கட்டினார்கள். நான் துணி கொடுக்கும் வழியில் எட்டாம் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. பாக்கியத்துக்கு அப்போது எட்டாம் மாதம்.

சில வாரம் கழித்து ஒரு நாள் மாமனார் கேட்டார்.

"ஏன் தம்பி, வெள்ளைக்காரனே போயிட்டான். நீங்க இன்னும் எழுதிகிட்டே இருக்கீங்க. இது எந்த ஆபீஸ் கணக்கு?"

பொய் ஒன்றைத் தயாராக வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றோடு தட்டு நின்றுவிடும். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் கையிலிருந்த சோற்று உருண்டையை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தார். "எந்த ஆபீஸா இருந்தா உங்களுக்கு என்ன? புது அரசாங்கம், புதுசா எழுதுவாங்க. நாலு வீட்டுல எழுதறாங்க, நம்ம வீட்ட மட்டும் விட்டுட்டா அது நல்லாவா இருக்கும்? இவ ஆறிப்போன சோத்தத் தின்னுகிட்டு இருக்கா. எழுதறவர எழுத விடுங்க. இல்லாத சூசாவெல்லாம் இழுக்காதீங்க."

தொந்தரவு எதற்கு என்று அவரும் நினைத்தார்போல. "எழுதட்டும், எழுதட்டும்," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த அம்மாள் என்னை நம்புகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை நிறுத்துப் பார்த்து எடை குறைவில்லை என்றாராம். மாக் மீனாச்சி சந்து முனையிலேயே என்னை நிறுத்திச் சொன்னார். புருஷன்காரனும் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டான்.

அவர்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் போனேன். மணி அடித்தேன். மாமனார் நாற்காலியில் இல்லை. மகனோடு கோயிலுக்குப் போயிருந்தார். மாமியார் வாசலுக்கு வந்தார்.

"அவ படுத்திருக்கா. சாப்பிட்டாச்சு. உட்காருங்க தம்பி."

நான் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன்.

"இனிமே நீங்க வர வேண்டாம்," என்றார்.

"ஏங்க்கா?"

"மகன் வந்துட்டான். இனி பாசார்ல வேலை பாக்கப் போறானாம், திரும்பிப் போகல. அரிசி டின்னு சாவிய நேத்து அவன் வாங்கிகிட்டான். அவங்கப்பா ஒண்ணும் பேசல."

நல்லது என்றேன். எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டை ஏமாற்றியதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "அக்கா, இந்த அட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"கோடில்லாத அட்டைதானே," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது. கோடு இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியுமே. மூஞ்சிப் படமும் இல்ல. அப்பவே தெரியும். அந்தச் சீனத்தி காரில பெட்டிய ஏத்திகிட்டுப் போனத மாக் மீனாச்சியும் வந்து சொன்னா."

"தெரிஞ்சுமா தட்டு வெச்சீங்க?"

"நீங்க தெரிஞ்சுதானே எழுதினீங்க. நான் தெரிஞ்சுதான் வெச்சேன். மணி இல்லாம நான் ஒரு தட்டு வெச்சா, நேரங்கெட்ட நேரத்துல யாருக்குச் சோறுன்னு கேட்பாரு. மணி அடிச்சா அவரே வைன்னு சொல்வாரு. எனக்கு அந்த மணி வேண்டியிருந்துச்சு."

உள்ளே குழந்தை ஒரு முறை சிணுங்கி அடங்கியது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மாதங்களாக அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியவனுக்கு அதற்கு முன் தோன்றவில்லை.

"டின்னு பூட்டியிருந்துச்சு. மாமா அளந்துதான் போடுவாரு. அப்புறம் அந்தத் தட்டுல சோறு எப்படிக்கா மிஞ்சுச்சு?"

"மிஞ்சல," என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "என் சோத்துல எடுத்து மூடி வெச்சிருவேன். ராத்திரி சோத்துலயும் கொஞ்சம்."

"அப்ப நீங்க?"

அவர் சிரித்தார். கோபம் இல்லை.

"நீங்க அவளத்தானே தம்பி எழுத வந்தீங்க."

வீட்டுக்கு வந்து வெற்று அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். கோடில்லாத இடத்தில் கோடு போல நேராகவே எழுதியிருந்தேன். என்ன செய்கிறாள்: சாப்பிடுகிறாள். யாருடன்: மாமியாருடன். ஒவ்வொரு அட்டையிலும் அந்த இரண்டு வரிகள் இருந்தன. மாமியார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஓர் அட்டையிலும் இல்லை. கேட்கும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனிமேல் சட்டைப் பையில் ஒரு சிறு கருவியைக் கொடுத்துவிடுவார்களாம். அது கூவும்போது அவரவரே எழுதிக்கொள்வார்களாம். கேள்விப்பட்டேன். நல்லதுதான். என்னைப் போன்றவன் வாசலில் நின்று இருமத் தேவையில்லை. கருவி கூவும்போது அதைப் பையில் வைத்திருப்பவர் எழுதுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கருவி இருக்காது. அந்த அட்டையை வாங்கி அடுக்கும்போது, 'யாருடன்' என்ற வரியில் விரலை வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

காஜா பேராங், மலாக்கா. 1979 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன்.